சிங்கராஜக் காட்டில் செம்முகப் பூங்குயில்

கொழும்பில் இறங்கிய அரை மணி நேரத்தில் எங்கள் தொலைநோக்கியை வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டார்கள். யுத்த காலம். தமிழ் பேசுகிற இரண்டு ஆண்கள், கையில் தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டுகிற கருவி, போக வேண்டிய இடம் காடு. அந்த அதிகாரியின் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

“எதற்கு இது?” என்று கேட்டார். பக்கத்தில் நின்ற முஸ்லிம் குமாஸ்தா தமிழில் மாற்றிச் சொன்னார்.

“குருவி பாக்க” என்றார் நம்பி அண்ணாச்சி.

“உங்கள் ஊரில் குருவி இல்லையா?”

“இருக்கு. இந்தக் குருவி இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கோம்.”

குமாஸ்தா இதை அப்படியே சொல்லவில்லை. ஏதோ இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டார். அதிகாரி தொலைநோக்கியை எடுத்து ஜன்னல் வழியாகத் தென்னை மரத்தைப் பார்த்தார். காகம் இருந்தது. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். ஐந்தாறு பேர் காகம் பார்த்து முடித்ததும் கருவியைத் திருப்பித் தந்து, “கவனமாகப் போங்கள்” என்றார்கள்.

நம்பி அண்ணாச்சிக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். தாத்தா காலத்தில் ஆற்றுப் பாசனத்தில் ஏகப்பட்ட வயல் இருந்த சைவக் குடும்பம். இவர் காலத்தில் மிஞ்சியது ஒரு வீடும் ஒரு சைக்கிளும். நான் சீவலப்பேரிக்காரன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து மூட்டை சுமந்தேன், லாரியில் கிளீனராக ஓடினேன், பம்பாயில் ரொட்டி அடுப்பில் வெந்தேன், மஸ்கட்டில் இரண்டு வருடம் மொட்டை மாடியில் படுத்தேன். ஓர் இடத்தில் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். ஊரில் தங்குகிற நாட்களில், குளத்துக்குக் குளம் போய்ப் பறவை எண்ணுகிறவர்களோடு சேர்ந்துகொள்வேன். தொலைநோக்கியை நிறுத்துகிற முக்காலியைச் சுமப்பது என் வேலை. சுமந்து சுமந்து எனக்கும் கண் பழகிவிட்டது. மஸ்கட் போனதால் பாஸ்போர்ட் கையில் இருந்தது. அண்ணாச்சி என்னைக் கூட்டிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். அவருடைய முழங்கால் இன்னொரு காரணம்.

செம்முகப் பூங்குயில் என்று ஒரு பறவை. இலங்கைக் காட்டில் மட்டும் இருப்பது. எப்போதோ ஒரு வெள்ளைக்காரர் நம் பக்கத்து மலையிலும் பார்த்ததாகக் கேள்வி உண்டு. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எங்கள் பயணத்துக்குப் பன்னிரண்டு வருடம் முன்னால் ஒரு தை மாதச் சாயங்காலம், பாபநாசம் மேலணைக்குப் போகும் வழியில் முள்ளுப்புதருக்குள் அந்தப் பறவையைப் பார்த்ததாக நம்பி அண்ணாச்சி சொன்னார். கூட இருந்தவர் சங்கரலிங்கம். பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர், அண்ணாச்சிக்குச் சின்ன வயதிலிருந்து கூட்டாளி.

பறவை பார்க்கிறவர்களிடம் இரண்டு கட்டுப்பாடு உண்டு. பார்த்ததை முதலில் நோட்டில் எழுத வேண்டும், அதன் பிறகுதான் படப் புத்தகத்தைத் திறக்கலாம். புதுப் பறவை என்றால் கூட இருந்தவரும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சங்கரலிங்கம் சார் போட மறுத்துவிட்டார். “எனக்கு வாலு மட்டுந்தான் தெரிஞ்சிது. வாலுக்குக் கையெழுத்துப் போட முடியாதுவே” என்றார். நோட்டில் அவர் வரைந்ததும் புதரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு வால், அவ்வளவுதான்.

மறுநாள் டீக்கடையில் நாலு பேர் முன்னால் அண்ணாச்சி, “ஒமக்குக் கண்ணு பொட்டையாப் போச்சாவே? பொறாமையில சாவும்” என்று கேட்டுவிட்டார். அதோடு பேச்சு நின்றது. இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவில் இரண்டே தெரு. குளத்தில் பறவை எண்ணும்போது ஒருவர் இந்தக் கரையில் நின்றால் மற்றவர் எதிர்க்கரைக்குப் போய்விடுவார். ஒரே நாரைக்கூட்டத்தை இரண்டு கரையிலிருந்தும் எண்ணுவார்கள்.

நாங்கள் சிலோன் போன வருடம் பங்குனியில் சங்கரலிங்கம் சார் மாரடைப்பில் இறந்துபோனார். அண்ணாச்சி போனார். வீட்டுக்குள் நுழையாமல் எதிர்ச்சாரியில் ஒரு சைக்கிள் கடை நிழலில் நின்று, தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு வந்தார். ஆவணியில் என் வீடு தேடி வந்து, “சிலோனுக்கு வாரியாலே?” என்றார்.

“எதுக்கு அண்ணாச்சி?”

“அந்தப் பறவைய ஒரு தடவ நல்லாப் பாக்கணும். நான் பாத்தது அதுதானான்னு தெரியணும். அதுதான்னா அவன் செத்தது செத்ததுதான், நான் சொன்னது சரி. இல்லைன்னா...”

கொழும்பில் தங்கிய விடுதி ஒரு யாழ்ப்பாணத்துக்காரருடையது. எங்கள் பெயரைப் போலீசில் பதிந்துவிட்டு வந்துதான் சாவியைத் தந்தார். வெளியே தமிழில் சத்தமாகப் பேச வேண்டாம் என்றார். நெல்லைக்காரர்களிடம் சத்தமாகப் பேசாதே என்பது சாப்பிடாதே என்பது மாதிரி. அண்ணாச்சி அன்று முழுக்க என் காதில் வந்து குசுகுசுத்தார். பார்க்கிறவர்களுக்கு அதுதான் சந்தேகமாகத் தோன்றியிருக்கும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு இடியாப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும். சொதி என்றதும் அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்தது. நம் பக்கம் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கிற சொதிக்காகவே போகிறவர்கள் உண்டு. இங்கே அது தண்ணீராக, மஞ்சளாக, தினசரிக் குழம்பாக இருந்தது. “காய் எங்கவே? இஞ்சிப் பச்சடி எங்க?” என்று கேட்டுக்கொண்டே சம்பலை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். அதில் மாசிக் கருவாட்டை இடித்துப் போட்டிருப்பார்கள் என்பது எனக்கு மஸ்கட்டில் கூட இருந்த சிலோன்காரன் சொல்லித் தெரியும். பசித்த மனுஷன். நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் பஸ். நம் டவுன் பஸ்ஸில் கூட்டம் என்பார்கள். இங்கே படியில் தொங்கியவனைப் பிடித்துக்கொண்டு இன்னொருவன் தொங்கினான். மூன்று இடத்தில் இறக்கி நிறுத்திச் சோதித்தார்கள். ஒவ்வொரு தடவையும் மூட்டையைப் பிரித்து, முக்காலியைப் பிரித்து, அது துப்பாக்கி தாங்கி இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது. மூன்றாவது இடத்தில் பஸ் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. மழையில் இரண்டு மணி நேரம் நின்று, ரப்பர் பால் ஏற்றிவந்த ஒரு லாரியில் ஏறினோம். அந்த நாற்றத்துக்கு அண்ணாச்சி இரண்டு தடவை வாந்தி எடுத்தார். எனக்கு லாரி என்றாலே தூக்கம் வரும். தூங்கிவிட்டேன்.

சிங்கராஜக் காட்டோரத்தில் எங்களுக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் குணபாலா. சிங்களவர். இளவயதில் தேயிலைத் தோட்டத்தில் நம் ஆட்களோடு வேலை பார்த்துத் தமிழ் பேசக் கற்றவர். தோட்டத்தில் அவரோடு இருந்தவர்கள் தங்கள் பாட்டன் ஊர் திருநெல்வேலி என்று சொல்வார்களாம். ஆனால் ஒருவரும் அந்த ஊரைப் பார்த்ததில்லையாம். “அது நல்ல ஊரா?” என்று என்னிடம் கேட்டார். “ஆறு இருக்கு” என்றேன். வேறு என்ன சொல்ல.

அவர் வீட்டை ஒட்டிய கொட்டகையில் படுக்கை. தெற்கே காலி என்கிற ஊரிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவியும் பக்கத்து அறையில் இருந்தார்கள். அவர்களும் பறவை பார்க்கிறவர்கள். பாஷை இல்லாததால் படப் புத்தகத்தைத் திறந்து, பார்த்ததற்கெல்லாம் தலையாட்டியும் பாராததற்குக் கையை விரித்தும் எங்களோடு பேசினார்கள். அண்ணாச்சி செம்முகப் பூங்குயில் பக்கத்தைத் திறந்து வைத்தார். அந்த அம்மாள் கையை விரித்தாள். பிறகு அண்ணாச்சியைக் காட்டி, நீங்கள்? என்று கண்ணால் கேட்டாள். அண்ணாச்சி தலையாட்டவுமில்லை, கையை விரிக்கவுமில்லை.

முதல் நாள் காட்டில் மழையும் அட்டையும் மட்டுமே. எஸ்டேட்டில் புகையிலைத் தண்ணீரைக் காலில் பூசுவோம்; இங்கே சோப்பு. இரண்டுக்கும் அட்டை மசியவில்லை. அண்ணாச்சியின் வேட்டி சிவப்புப் புள்ளியாக ஆகிவிட்டது. சிவப்பரிசிச் சோறும் பலாக்காய்க் கறியும் தின்றோம். சர்க்கரை போடாத டீயைக் கித்துள் பனை வெல்லத்தைக் கடித்துக்கொண்டு குடித்தோம். நம் கருப்பட்டிக்கு அண்ணன் தம்பி என்று சொல்லலாம், கொஞ்சம் புகை வாசனை.

இரண்டாம் நாள் விடிந்ததும் அடுப்படிப் பக்கம் பெரிய சத்தம். ராத்திரி விளக்கில் விழுந்து கிடந்த பூச்சிகளைப் பொறுக்க நான்கு நீலப் பறவைகள் வந்திருந்தன. கெஹிபெல்லா என்றார் குணபாலா. உடம்பு நீலம், தலை செங்கல் நிறம், மூக்கும் காலும் சிவப்பு. நீள வாலைத் தூக்கிக்கொண்டு விறகுக் கட்டுமேல் நடந்தன. காலிக்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். நானும் அவரை உலுக்கினேன். இத்தனை ஊர் சுற்றியதில் அப்படி ஒரு நீலத்தை நான் பார்த்ததில்லை. பம்பாயிலும் மஸ்கட்டிலும் கடல் இருந்தது, ஆனால் நான் வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் அது இருட்டாக இருக்கும்.

அண்ணாச்சி ஒரு பார்வை பார்த்து, “நல்லாருக்கு” என்றார். நாக்கில் ருசி செத்தவன் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வது போல இருந்தது.

மூன்றாம் நாள் மழை விட்டது. அந்தக் காட்டில் பறவைகள் தனித்தனியாக வருவதில்லை. தவிட்டுக்குருவிகள் கலகலவென்று முன்னால் வரும், இரட்டைவால் குருவி விசிலடித்துக்கொண்டு கூடவே வரும், அதோடு பத்துப் பன்னிரண்டு சாதிப் பறவைகள் கீழிருந்து உச்சி வரை ஒரு ஊர்வலமாக நகரும். கால்மணி நேரத்தில் எல்லாம் போய்விடும், காடு மறுபடி வெறுமையாகிவிடும். குணபாலா காதைக் கூர்மையாக்கி எங்களை ஓட வைத்து, ஊர்வலம் வருகிற பாதையில் நிறுத்தினார்.

அண்ணாச்சி குனிந்து புதர்களுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, கீழே வேண்டாம். அது எப்பவும் மேலே. பெரிய மரத்து உச்சி” என்றார் குணபாலா.

“சில சமயம் கீழ வரும்லா?”

“முப்பது வருசமா நான் பாக்கிறேன் ஐயா. மேலேதான்.”

முதலில் பார்த்தது நான். இலைகளுக்கு நடுவே வெள்ளை வயிறு. பிறகு தலை. முகம் முழுக்கக் குங்குமத்தை அப்பினது மாதிரி சிவப்பு, மயிரே இல்லாத தோல், தடித்த பச்சை மூக்கு. நீள வாலின் நுனியில் வெள்ளை. கிளையில் அணில் மாதிரி ஓடியது. பின்னாலேயே இன்னொன்று. முக்காலியை நட்டு, தொலைநோக்கியைத் திருப்பி, அண்ணாச்சியை இழுத்து நிறுத்தினேன்.

அவர் பார்த்தார். சாவகாசமாக வெயில் காய்ந்துகொண்டு அந்தப் பறவை எங்களுக்கு முகத்தை இடமும் வலமும் காட்டியது. காலிக்காரர் மூச்சுவிடாமல் நின்றார். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். ஊர்வலம் நகர்ந்தது, பறவையும் போனது. அண்ணாச்சி கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அதற்குள் வெறும் கிளைதான் இருந்தது.

அந்த அம்மாள் தன் கணவரிடம் மெல்ல ஏதோ சொன்னாள். என்ன என்று குணபாலாவிடம் கேட்டேன். “அவருக்கு சந்தோசத்தில பேச்சு வரலைன்னு சொல்றாங்க” என்றார்.

சாயங்காலம் கொட்டகையில் நான் துணி பிழிந்துகொண்டிருந்தேன். அண்ணாச்சி கட்டிலில் உட்கார்ந்து அட்டைக் கடிவாய்களைத் தடவிக்கொண்டிருந்தார்.

“நான் பாத்தது இது இல்லலே” என்றார்.

நான் பிழிவதை நிறுத்தினேன்.

“வயிறு சாம்பல். எனக்கு நல்லா ஞாவகம் இருக்கு. அன்னைக்கே தெரியும். நோட்டுல வெள்ளைன்னு எழுதினேன்.”

“ஏன் அண்ணாச்சி?”

“புத்தகத்தைத் தொறந்துட்டுத்தான் எழுதினேன். பறவ உள்ள போன பொறவு அவன் ஒண்ணுக்குப் போயிருந்தான். செவப்பப் பாத்துட்டோம்னு எனக்குப் பொறுக்கல. தொறந்து பாத்தா படத்துல வயிறு வெள்ளை. நானும் வெள்ளைன்னு போட்டேன். போட்டுட்டு, வெள்ளையத்தான் பாத்தேன்னு நெனச்சிக்கிட்டேன். பன்னெண்டு வருசம் நெனச்சிக்கிட்டே இருந்தேன்.”

“அப்போ அந்தச் செவப்பு?”

“அது நம்ம ஊரு பச்சைவாயன்தான். முள்ளுக்குள்ள கிடக்குமே, சாம்பல் வயித்தோட, அது. அந்தப் புதர் பூரா கோவைக்கொடி படர்ந்து கிடந்துது. வாயில ஒரு பழுத்த கோவைப்பழத்த வச்சிருந்திருக்கும். மேல் வெயிலு வேற.” சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “ஒரு கோவைப்பழத்துக்காக அவன நாலு பேரு முன்னால பொட்டைக் கண்ணன்னு சொன்னேன்லே.”

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. நான் போன இடங்களில் யாரும் யாருக்கும் சொல்லிப் பார்த்ததில்லை. ஒரு டம்ளர் டீ வாங்கிவந்து வைத்தேன். வெல்லத்தைக் கடிக்காமல் குடித்தார்.

திரும்பும் வழியில் ஒருவரும் எங்கள் மூட்டையைப் பிரிக்கவில்லை. அண்ணாச்சி வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். சங்கரலிங்கம் சார் வீட்டுக்குப் போக வேண்டும், அவர் மனைவி கோமதி அம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், அவர்தான் சரி, நான்தான் தப்பு என்று அந்த வீட்டில் நின்று சொல்ல வேண்டும். “சொல்லிட்டா கொஞ்சம் தூக்கம் வரும்லா?” என்று ஒரு தடவை கேட்டார். வரும் என்றேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஊர் வந்த மறுநாள் காலையில் போனோம். தனியாகப் போகத் தைரியமில்லை என்று என்னையும் கூட்டிக்கொண்டார். அந்தத் தெருவில் நுழையும்போது நடையைக் குறைத்துவிட்டார். “பைய வாலே, என்ன அவசரம்” என்று என்னைக் கடிந்துகொண்டார். நான் அவருக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தேன்.

கோமதி அம்மாள் கதவைத் திறந்து ஒரு நிமிஷம் பார்த்தார். “வாங்க அண்ணாச்சி” என்றார். பன்னிரண்டு வருடம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது குரல். நாற்காலி போட்டார். சுவரில் சார் படம், மாலையோடு. அண்ணாச்சி நிமிர்ந்து அதைப் பார்க்கவில்லை.

காப்பி வருவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டார். சாம்பல் வயிறு, புத்தகம், கோவைப்பழம், சிங்கராஜக் காடு எல்லாம். “மதினி, அங்கன மலையில அப்படி ஒரு பறவையே கெடையாது. அவன் சொன்னதுதான் சரி. நான் அவன அநியாயமாப் பேசிட்டேன்” என்று முடித்து, மூச்சை விட்டார். முகம் தெளிந்துவிட்டது. ஒரு மாதத்தில் அன்றுதான் அவரை அப்படிப் பார்த்தேன்.

கோமதி அம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கெடையவே கெடையாதா அண்ணாச்சி?”

“கெடையாது மதினி.”

“அப்போ அவுக வருசா வருசம் போனது?”

“எங்க போனான்?”

“மேலணைக்கு. தை மாசம் பொறந்தா நாலு நாளு லீவு போட்டுட்டுப் போயிருவாவ. எங்கிட்ட பாவநாசத்துக்குக் குளிக்கப் போறேம்பாவ. குளிக்கப் போனவுக காலு ரெண்டும் முள்ளுக் கீறலா வரும். எண்ணெ தடவி விடுவேன். ஒருநா கேட்டேன். ‘நம்பி பொய் சொல்ல மாட்டான், அவன் பாத்திருக்கான். எனக்கு வாலுதான் தெரிஞ்சிது. முழுசா ஒரு தரம் பாத்துட்டேன்னா, போயிக் கையெழுத்தப் போட்டுட்டு அவங்கூட ஒரு டீ குடிச்சிருவேன்’னாவ.”

அண்ணாச்சி அப்போதுதான் நிமிர்ந்து சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார்.

“போன தைக்கும் போனாவ. ஏறாதீகன்னு டாக்டர் சொல்லியும் கேக்கல. பாதியிலேயே மூச்சு வாங்கி உக்காந்துட்டேன், அடுத்த வருசம் பாப்போம்னாவ.”

உள்ளே காப்பி பொங்கி அடுப்பில் விழுகிற சத்தம் கேட்டது. கோமதி அம்மாள் போகவில்லை.

“பன்னெண்டு வருசம் அவுக இருக்கிற ஒண்ணத் தேடித்தான் போனாவன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்” என்றார். அழவில்லை. “இத எங்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம் அண்ணாச்சி. நீங்க எறக்கி வச்சிட்டீக. நான் இத யாருட்டப் போயிச் சொல்ல?”

அண்ணாச்சி எழுந்தார். கும்பிட நினைத்தாரோ என்னவோ, கை பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. வெளியே வந்து படியில் நின்றுகொண்டு செருப்பைத் தேடினார். அது அவர் காலடியிலேயே கிடந்தது. நான் குனிந்து எடுத்து நேராக வைத்தேன். அப்போதும் அவருக்குத் தெரியவில்லை.